அமுக்கினால் வலிக்கும் பதினெட்டு இடங்கள்

மனாமா, பஹ்ரைன்
14.9.2007

லீலா அக்காவுக்கு சுனிதா எழுதுவது.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதற்கு முன் ஒரு பக்கமாவது படியுங்கள். போனில் பேசலாம் என்றுதான் போன மாதம் அத்தானின் போனுக்கு இரண்டு தடவை கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மை இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதைப் பற்றிப் பேச இப்போது வரவில்லை. வேறு ஒரு விஷயம் இருக்கிறது. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவு வேலையை விட்டுவிட்டேன். ஆறு மாதமாக ஒரு முதுகெலும்பு டாக்டரிடம் வேலை. கைரோபிராக்டர் என்று சொல்கிறார்கள். கனடாக்காரர். ஊசியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது, முதுகையும் கழுத்தையும் கையாலேயே அசைத்துச் சரிசெய்கிறார். வருகிறவர்களிடம் விவரம் கேட்டுப் படிவம் நிரப்புவதும், மலையாளமோ தமிழோ பேசுகிறவர்கள் சொல்வதை அவருக்கு இங்கிலீஷில் சொல்வதும் என் வேலை.

போன வாரம் கொல்லத்துக்காரச் சேச்சி ஒருத்தி வந்தாள். காலையில் எழுந்தால் உடம்பு மரக்கட்டை போல ஆகிவிடுகிறதாம், அசையவே ஒரு மணி நேரம் ஆகிறதாம். சேலை முந்தி உரசினால்கூடத் தோள் வலிக்கிறதாம். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் சுத்தம். "எனிக்கு சுகமில்லான்னு பறஞ்ஞா அபிநயமாணென்னு பறயும்" என்று அழுதாள். நடிக்கிறாள் என்று வீட்டில் சொல்கிறார்களாம். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தேன். பாதிப் படிவத்தில் பேனா நின்றுவிட்டது. 2003 கிறிஸ்துமசுக்கு லீவில் வந்தபோது ஓடி வந்து உங்களைக் கட்டிப்பிடித்தேன், நினைவிருக்கிறதா? "விடுட்டி, தொடாத" என்று தள்ளிவிட்டீர்கள். வெளிநாட்டுக்காரி என்று பொறாமை, அதுதான் தள்ளுகிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அக்கா, அப்போது உங்களுக்கு வலித்ததா? எத்தனை வருடமாக இருக்கிறது? தூங்கி எழுந்தால் களைப்பு போகிறதா? ஞாபக மறதி உண்டா? மழைக்காலத்தில் கூடுமா? பதில் போடுங்கள். டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

சுனிதா


கருங்கல்
5.10.2007

சுனிதாவுக்கு,

நீங்கள், உங்கள் என்று எழுதியிருக்கிறாய். கலெக்டருக்கு மனு போடுகிறாயா? உனக்குத் தலையில் பேன் பார்த்து வளர்த்தவள் நான். நீ என்றே எழுது. கோபம் வேறு, முறை வேறு.

இந்தக் கடிதத்தை ஐந்து நாளாக எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான். அதற்கு மேல் எழுதினால் விரலில் பிடித்த கடுப்பு தோளில் போய்த்தான் நிற்கும். போனை வைத்தது கோபத்தில்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போனைக் காதில் ஐந்து நிமிடம் பிடித்தால் கை மரத்துப் போகிறது என்பதும் உண்மை.

அன்றைக்கு வலித்தது. நீ கட்டிப்பிடித்தபோது முதுகில் கொள்ளிக்கட்டை வைத்த மாதிரி இருந்தது. அதற்கும் எட்டு மாதம் முன்னாலேயே தொடங்கிவிட்டது. முதலில் கழுத்து, பிறகு குறுக்கு, பிறகு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது, நகமும் முடியும்தான் பாக்கி. ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் விடிய விடியக் கல் சுமந்தவளைப் போலத்தான் எழுந்திருக்கிறேன். மழை வந்தால் கேட்கவே வேண்டாம். பஸ் ஒரு குழியில் இறங்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மறதியைக் கேட்டாயே, போன மாதம் ஒரு பெண்ணின் கல்யாண ரவிக்கைக்கு இரண்டு கையும் இடது கையாகத் தைத்துக் கொடுத்தேன். இருபது வருடமாகத் தையல் மெஷினில் உட்காருகிறவள் நான். அவள் அம்மா வாசலில் நின்று பேசிய பேச்சை எழுத மாட்டேன்.

டாக்டர்கள் நாலு பேரைப் பார்த்தாகிவிட்டது. ரிப்போர்ட் எல்லாம் ஒரு பையில் இருக்கிறது, ஒன்றிலும் ஒரு குறை இல்லை. கடைசியாகப் பார்த்தவர் பேனாவை மூடிவிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டார். உன் அத்தான் பக்கத்தில்தான் நின்றார், முகம் செத்துப் போய்விட்டது. அவருடைய சொந்தக்காரர்களுக்கு இது தீனமே இல்லை, மடி, வெறும் சோம்பல். வேலை செய்ய மடி பிடித்தவள். நீயும் 2005-ல் அதைத்தான் எழுதினாய். "பெத்த தாயைத் தூக்க மடி பிடிச்சு, வேற சபைக்காரங்க மடத்துல கொண்டு தள்ளினவ." அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது.

அம்மையை ஏன் அந்த முதியோர் இல்லத்தில் விட்டேன் என்று அன்றைக்கு நீ கேட்கவில்லை. இன்றைக்கு நானாகச் சொல்லப் போவதும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆன்ட்ரூஸ் அம்மைக்குக் கல்லறை கட்டிக் கல் பதித்தான். "அன்பு மக்கள்: ஆன்ட்ரூஸ், சுனிதா" என்று இருக்கிறது. மூன்று பெற்றவளுக்கு இரண்டு பெயர். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. கூடப்பிறந்த தம்பி, ஒன்றரை மைல் தூரத்தில் இருக்கிறான், இரண்டு வருடமாக அவனுடன் பேச்சில்லை. எனக்கு வலி இல்லை என்று ஊர் சொல்லட்டும். நான் அம்மைக்கு மகளே இல்லை என்று கல்லில் வெட்டி வைத்தால் அதற்கு எந்த டாக்டரிடம் போவேன்?

உன் கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டேன். விரல் நிற்கவில்லை.

லீலாபாய்


மனாமா
26.10.2007

அன்புள்ள அக்கா,

நீ என்றே எழுதுகிறேன். கல்லைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் டாக்டர் சொன்னது.

உன் கடிதத்தை வரி வரியாக இங்கிலீஷில் சொன்னேன். இரண்டு இடது கை என்றதும் சிரிக்கப் போகிறார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். கொல்லத்துச் சேச்சிக்கு இருப்பதுதான் உனக்கும் இருக்கும் போலத் தெரிகிறதாம். ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். எலும்பிலும் ரத்தத்திலும் குறை இருக்காது, அதனால் ரிப்போர்ட் சுத்தமாகத்தான் வரும். ஆனால் வலி உண்மை. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுக் குமிழ் உடைந்து போன மாதிரி, சின்னத் தொடுதல்கூட மூளைக்குப் பெரிய வலியாகப் போய்ச் சேருகிறதாம். ஏன் வருகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். உயிருக்கு ஆபத்து இல்லை. மடியும் இல்லை. அதை நானாகவே கேட்டேன்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். உடம்பில் பதினெட்டு இடங்களில் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்திருக்கிறேன். பிடரி, கழுத்து, தோள், மார்பு, முழங்கை, இடுப்பு, முட்டு எல்லாம் வரும். அத்தானை ஒவ்வொரு இடமாகப் பெருவிரலால் அமுக்கச் சொல். நகம் வெளுக்கும் வரை அமுக்கினால் போதும். பதினொன்றோ அதற்கு மேலோ வலித்தால் இந்த நோயாக இருக்கலாம். ஆனால் இது படம்தான், வைத்தியம் இல்லை. மூட்டு வாத நோய்க்கென்று படித்த டாக்டரை நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும், திருவனந்தபுரத்தில் கட்டாயம் இருப்பார்கள் என்றார்.

இவருடைய வைத்தியத்தில் தீருமா என்று கேட்டேன். தீராது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். கழுத்தும் குறுக்கும் இறுகிப் போனதைக் கொஞ்சம் இளக்கிக் கொடுக்கலாம், சிலருக்குத் தலைவலி குறையும், சிலருக்கு ஒன்றும் ஆகாது. சேச்சியிடம் மற்றவர்களிடம் போல மடக்கென்று சத்தம் வருகிற மாதிரி திருப்புவதில்லை, தொட்டுத் தொட்டு மெதுவாகத்தான் செய்கிறார். நாலு தடவை வந்த பிறகு அவளால் தலையைத் திருப்பி ரோட்டைப் பார்த்துக் கடக்க முடிகிறது, அவ்வளவுதான். ஆனால் அவள் முதல் நாளே அரைச் சிரிப்போடுதான் போனாள். நீ சொல்வதை நம்புகிறேன் என்று அவர் சொன்னதை நான் மலையாளத்தில் சொன்னேன், அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

நம்மூரில் கழுத்தைப் பிடித்து முறுக்குகிற யாரிடமும் அவசரப்பட்டுப் போகாதே.

சுனிதா


கருங்கல்
22.11.2007

சுனிதா,

உன் படத்தால் இங்கே நடந்த பெகளத்தையும் ரகளையையும் கேள்.

உன் அத்தான் சந்தையில் நேந்திரன் வாழைக்குலைகளை ஏற்றி இறக்குகிற கையால் அமுக்கினார். பதினெட்டில் பதினைந்து இடத்தில் கத்திவிட்டேன். மனுஷன் பயந்து போனார். நான் தூங்கி எழுவதற்குள் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிருஷ்ணமணி ஆசானிடம் போய்விட்டார். வர்ம வைத்தியர், உனக்குத் தெரியும். டாக்டர் படம் என்று சொல்லாமல், "இந்த இடமெல்லாம் தொட்டா வீட்டுக்காரி அலறுதா ஆசானே" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஆசான் கண்ணாடியைப் போட்டுப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். நம்மூர் வழக்கம் தெரியாதா, வர்மத்தில் அடி விழுந்தால் பல வருடம் கழித்தும் உடம்பைப் படுத்தும் என்பார்கள். "இது பட்ட வர்மமாக்கும் ராஜமணி. ஒண்ணு ரெண்டு இல்ல, பதினெட்டு. பொம்பளைய எவம்லே இப்படி அடிச்சான்?" என்று கேட்டாராம். உன் அத்தான் முழித்திருக்கிறார். முழித்ததே போதும், எண்ணெய் வாங்க வந்த நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் சந்தை முழுக்க வாழைக்குலை ராஜமணி பெண்டாட்டியை வர்மத்தில் அடித்து முடமாக்கிவிட்டான்.

மூன்றாம் நாள் ஆன்ட்ரூஸ் பைக்கில் வந்து இறங்கினான். இரண்டு வருடம் இந்தப் படி மிதிக்காதவன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தான், எனக்க அக்காவ நீரு அடிச்சீரா?"

"ஏலே, நான் ஏம்லே அடிக்கேன்? அவகிட்டயே கேளு."

"ஆசான் பொய்யா சொல்லுவாரு?"

உன் அத்தான் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இருபத்திரண்டு வருடத்தில் என்மேல் ஒரு விரல் வைத்ததில்லை அந்த மனுஷன். என்னால் தாங்க முடியவில்லை. "ஏலே, இரு. சொல்லுகேன்" என்று ஆன்ட்ரூஸை உட்கார வைத்து, யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன்.

அம்மை இடுப்பு ஒடிந்து ஆறு மாதம் என்னிடம் கிடந்தாள். எழுபது கிலோ. தூக்குவேன், குளிப்பாட்டுவேன், துடைப்பேன், அதன் பிறகு பின்வாசலில் போய் அழுவேன். மே மாதம் ஒரு நாள் குளிப்பாட்டித் தூக்கும்போது என் கை தானாக விட்டுவிட்டது. அம்மை தரையில் விழுந்தாள். நான் கீழே போட்டேன், சுனிதா. அடி ஒன்றும் படவில்லை. ஈரத் தரையில் கிடந்துகொண்டே என் முகத்தைப் பார்த்து, "உனக்கு ஏலாது மக்கா. என்னைய மடத்துல விட்டுரு. நான் சொன்னேன்னு சொல்லாத, ஆன்ட்ரூஸுக்குக் கொறச்சலாப் போகும்" என்றாள். மகன் இருந்தும் அம்மையே மடம் கேட்டாள் என்றால், அவனுடைய வீட்டில் அம்மைக்கு இடமில்லை என்று ஆகிவிடுமாம். அதற்குத்தான் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கீழே போட்டதையும் சொல்ல வேண்டும்.

ஆன்ட்ரூஸ் அப்போதுதான் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தான். பிறகு, "கல்லுக்கு நான் மூணு பேரு பேரையும்தான் எழுதிக் கொடுத்தேன். சுனிதாதான் போன்ல அக்கா பேர எடுக்கச் சொன்னா" என்றான்.

இரண்டு வருடமாக அவனைச் சபித்தேன். கோயிலில் அவன் ஒரு பக்கம் இருந்தால் நான் மறு பக்கம் போய் இருப்பேன். கல்லைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்று எழுதினாயே, எப்போது எழுதுவதாக இருந்தாய்?

உன் படமும் வேண்டாம், உன் டாக்டரும் வேண்டாம்.

லீலாபாய்


மனாமா
14.12.2007

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்ப வேண்டும்.

நான்தான் எடுக்கச் சொன்னேன். ஆன்ட்ரூஸ் அண்ணன் போனில் வாசித்தான். உன் பெயர் முதலில் வந்தது. "தள்ளிவிட்டவ பேரு எதுக்கு? எடு" என்றேன். அவன் இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் எடு என்றேன்.

அம்மை படுத்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை. சலவை மெஷின் பக்கத்தில் நின்று செய்தி கேட்டேன், அன்றைக்கு ஷிப்டை முடித்துவிட்டுத்தான் அறைக்குப் போனேன். என்னை யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை, பணம் அனுப்புகிற மகள் என்று புகழ்ந்தார்கள். அதனால் நான் உன்னைத் திட்டினேன். அம்மையை ஒரு நாள்கூடத் தூக்காதவள் நான். தூக்கியவளின் பெயரை எடுக்கச் சொன்னேன்.

கொல்லத்துச் சேச்சியின் படிவத்தில் எழுதும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் முதல் கடிதம் எழுத உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்ததால் கேள்வியாகக் கேட்டுவிட்டேன்.

அடித்தது யார் என்று ஆசான் கேட்டாராமே. நான்தான் அடித்தேன் என்று சொல்லிவிடு. அத்தானிடமும் சொல்.

மார்ச்சில் ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரச் சொன்னால் வருகிறேன். கல்லைப் பற்றி நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். டாக்டரை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதே. என்மேல் உள்ள கோபத்தை உன் உடம்பில் காட்டாதே, அக்கா.

சுனிதா


கருங்கல்
20.1.2008

சுனிதாவுக்கு,

முதலில் ஒன்று. நீ அந்தக் கடிதம் எழுதியதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே எனக்கு வலி வந்துவிட்டது. நீதான் அடித்தாயாம்! எனக்க தீனத்துக்கும் நீயே காரணம் என்று பெயர் எடுக்கப் பார்க்காதே. நீ செய்தது வேறு, அதற்குத் தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

திருவனந்தபுரம் போய் வந்தோம். உன் சொல் கேட்டு இல்லை, ஆன்ட்ரூஸ் கார் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். நாலு பிள்ளைகள் பெற்றவள் மாதிரி இருந்த ஒரு டாக்டரம்மா, பையிலிருந்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். அதே இடங்களில்தான் அமுக்கினாள். அதே பெயரைத்தான் சொன்னாள். உன் அத்தான் அந்தப் பெயரை வாழைக்குலைச் சீட்டின் பின்னால் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார். மறுநாள் சந்தையில் அதை எல்லோரிடமும் நீட்டி நீட்டிக் காட்டினாராம், என்னவோ நான் பத்தாம் வகுப்பில் முதல் மார்க் எடுத்த மாதிரி. ஆசானிடமும் காட்டினார். "பேரு என்னவா இருந்தாலும் வலிக்க இடம் ஒண்ணுதானே" என்று ஆசான் சொல்லிவிட்டு, "உன்னைய அடிச்சவன்னு சொன்னது தப்புடே ராஜமணி" என்று சாயா வாங்கிக் கொடுத்தாராம். அமுக்காமல், மேலாகத் தைலம் தடவ மட்டும் அவரிடம் போகிறேன். டாக்டரம்மா சரி என்றாள். சுகமாக இருக்கிறது, மறுநாள் வரை நிற்கிறது.

படுக்கும்போது ஒரு சின்ன மாத்திரை. காலையில் இருபது நிமிடம் நடக்க வேண்டும், வலித்தாலும் கொஞ்சம். வாளியில் பாதித் தண்ணீர்தான் தூக்க வேண்டும். ஒரு நாள் நன்றாக இருக்கிறதே என்று மூன்று நாள் வேலையைச் சேர்த்துச் செய்யக் கூடாது. வலி போய்விட்டதா என்றால் இல்லை. நாலு நாள் மோசம், இரண்டு நாள் பரவாயில்லை, ஒரு நாள் நல்லது. முன்பு அந்த ஒரு நாளும் கிடையாது.

இருபது நிமிடம் நடந்தால் கோயிலும் கல்லறையும்தான் வருகிறது. தினமும் அந்தக் கல்லின் முன்னால் போய் நிற்கிறேன். கல் வெட்டுகிறவனிடம் கேட்டேன். கல்லில் வெட்டியிருக்கிற வேத வசனத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது, சின்ன எழுத்தில் என் பெயரைச் சேர்த்துவிடலாம் என்றான்.

போனால் போகட்டும், கல் அப்படியே இருக்கட்டும் என்று எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். மூத்தவள், விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நம் பாஸ்டரும் சொல்வார். மூன்று நாளாகப் பேனாவை வைத்துக்கொண்டு பார்க்கிறேன், வரவில்லை. எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை, சுனிதா. கீழே சின்ன எழுத்தும் வேண்டாம். புதுக் கல் போடு. மூத்தவள் பெயர் முதலில் வர வேண்டும். பழைய கல்லை நீயே வந்து எடு.

இன்னொன்றும் செய்ய வேண்டும். மார்ச்சில் நீ இருக்கும்போது வீட்டில் அம்மைக்கு நினைவு ஜெபம் வைக்கிறேன். சொந்தம் எல்லாம் வரும். நான் அம்மையைக் கீழே போட்டதை நானே சொல்லிவிடுகிறேன். மடத்தில் விடச் சொன்னது அம்மை என்பதை ஆன்ட்ரூஸ் சொல்கிறேன் என்கிறான், தனக்குக் குறைச்சல் வந்தாலும் பரவாயில்லையாம். அந்தச் சேச்சிக்குப் படிவம் நிரப்பினாயே, அதைப் போல எனக்கும் ஒன்று நிரப்பிக் கொண்டு வந்து நீ எழுந்து நின்று வாசி. மடி என்று சொன்ன வாய்கள் எல்லாம் அங்கே இருக்கும்.

ஏர்போர்ட்டுக்கு உன் அத்தானும் நானும் வருவோம். கார் ஆட்டத்தில் எனக்கு உடம்பு நொறுங்கிப் போயிருக்கும், ஆனாலும் வருவேன். என்னைப் பார்த்ததும் 2003-ல் ஓடி வந்த மாதிரி ஓடி வந்து கட்டிப்பிடிக்காதே, கேட்டியா.

பைய வா. பைய பிடி. பிடிக்காமல் மட்டும் இருந்துவிடாதே மக்கா.

அக்கா